அளக்காமல் இறக்குவது

ஜீப் ரேங்லரின் டிஜே மாடலை மூன்று அங்குலம் உயர்த்துபவர்களிடையே ஒரு வைத்தியம் வெகுகாலமாகப் புழங்கி வருகிறது. உயர்த்திய பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் தரை அதிரத் தொடங்கினால், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓர் அங்குல ஸ்பேசர்களைச் செருகி, கேஸைக் கீழே இறக்கிவிட வேண்டும். 1997 முதல் 2006 வரையிலான மாடல் ஆண்டுகளில் வந்த அமெரிக்க வண்டி அது. இன்றும் அதை உயர்த்துகிறார்கள், உயர்த்தும் கிட்டுகள் பலவற்றின் பெட்டிக்குள்ளேயே அந்த ஸ்பேசர்களும் வந்துவிடுகின்றன. இந்த வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது ஒரே வாதம்: அதிர்வு நின்றுவிட்டது, வேறென்ன வேண்டும்? பழுது கண்டறிதல் என்ற வேலையையே அழித்துவிடும் வாதம் இது.

வழக்கத்தின் நல்ல பக்கத்தை மறுப்பதற்கில்லை. செலவு குறைவு, வெல்டிங் வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிஜேயின் பின்புற ஷாஃப்ட் மிகக் குட்டையானது, அதனால் வண்டி கொஞ்சம் உயர்ந்தாலே அது செங்குத்தாகச் சாய்கிறது. கேஸை இறக்கினால் அந்தச் சாய்வு குறையும் என்பது உண்மை. உயர்த்தியதில் ஓர் அங்குலத்தை வயிற்றுப் பகுதியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோமே என்று பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் குறை நியாயமானதே, ஆனால் என் மறுப்பு அதன்மேல் எழுவதல்ல.

எது அதிர்கிறது என்ற கேள்வியைக் கேட்பதற்கு முன்பே இந்த வழக்கம் பதிலைப் பொருத்திவிடுகிறது. வண்டியை உயர்த்துகிறவர்களில் பெரும்பாலோர் அதே நாளில் பெரிய டயர்களையும் மாட்டுகிறார்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள், மறுநாள் ஓர் அதிர்வு. குற்றவாளி ஷாஃப்ட்தான் என்று முடிவுகட்ட ஆதாரம் எங்கே? ஆதாரம் தேடினால் கிடைக்கும், அதுவும் எளிதில். 31 அங்குல டயரும் 3.73 பின் அச்சு விகிதமும் உள்ள வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, டயர் விநாடிக்கு ஏறத்தாழ பதினொன்றரை முறை சுற்றுகிறது, ஷாஃப்ட் ஏறத்தாழ 43 முறை. டயரின் எடை சமன்கெட்டிருந்தால் அதிர்வு பதினொன்றரையில் வரும், உடம்பு குலுங்குவதாகத் தெரியும். ஷாஃப்டே சமன்கெட்டிருந்தால் 43-இல் வரும். ஷாஃப்டின் முனையிலுள்ள கிராஸ் ஜாயிண்டின் கோணம் காரணமென்றால் சுற்றுக்கு இரண்டு தடவை, அதாவது 86-இல் வரும். அது குலுக்கலாக இருக்காது, தரைத் தகட்டின் ரீங்காரமாகக் காதில் விழும். ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்த்தும் அதிர்வு மாறவில்லை என்றால் எஞ்சின்மேல் பழியில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடி, விட்டதும் குறைந்தால் சந்தேகம் பின் அச்சில் ஷாஃப்டை வாங்கும் பினியனின் கோணத்தின் பக்கம் சாய்கிறது. விட்டாலும் மிதித்தாலும் ஒன்றுபோல நீடித்தால் டயரின், ஷாஃப்டின் சமன்நிலையைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் கண்டுபிடிக்க ஓர் ஓட்டுநரும் ஒரு காலிச் சாலையும் போதும்.

இதைவிட மோசமான விடுபடல் முன்புற ஷாஃப்ட். டிஜேயின் முன் அச்சில் சக்கரத்தைத் துண்டிக்கும் ஹப் கிடையாது. இரு சக்கர ஓட்டத்திலும் முன்புற ஷாஃப்ட் சாலை வேகத்துக்கு ஏற்பச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உயர்த்தியதால் அதன் கோணமும் கெட்டிருக்கிறது. எட்டு போல்ட்டுகளைக் கழற்றி அதை எடுத்து வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஸ்பேசர் வைப்பதற்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளைக் கழற்றத்தான் வேண்டும். ஆக, உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்ற சமாதானமும் இங்கே எடுபடாது.

சரி, குற்றம் உண்மையிலேயே பின்புற ஷாஃப்டின் கோணத்தில்தான் இருக்கிறது என்றே கொள்வோம். அப்போதும் ஸ்பேசர் செய்வது என்ன? கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்து சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். மேல் ஜாயிண்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கீழ் ஜாயிண்ட் எதிர்த்திசையில் உண்டாக்கிச் சமன் செய்ய வேண்டுமென்றால், இரண்டின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது பட்டறை விதி. கணக்குக்காக ஷாஃப்ட் 18 அங்குலம் என்றும், கேஸின் அச்சும் பினியனும் இணையாக 4 டிகிரி சாய்ந்திருப்பதாகவும், உயர்த்திய பின் ஷாஃப்டின் சாய்வு 18 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். இரு ஜாயிண்டிலும் 14 டிகிரி. ஓர் அங்குலம் இறக்கினால் ஷாஃப்டின் சாய்வு ஏறத்தாழ பதினாலரைக்கு வரும். ஆனால் இறங்குவது பின்முனை மட்டும்தான். எஞ்சின் தாங்கிகள் இருந்த இடத்திலேயே இருப்பதால், எஞ்சினும் கியர்பாக்ஸும் கேஸும் ஒன்றாகப் பின்புறம் சாய்கின்றன. தாங்கிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நான்கு அடி என்றால் அந்தச் சாய்வு ஒன்றேகால் டிகிரி. இப்போது மேல் ஜாயிண்டில் ஒன்பதேகால், கீழ் ஜாயிண்டில் பத்தரை. முன்பு சமமாக இருந்தவை இப்போது சமமில்லை, கெட்ட அளவு கேஸ் சாய்ந்த அதே ஒன்றேகால் டிகிரி. பினியனை முன்கூட்டி அளந்து, கண்ட்ரோல் ஆர்ம்களைச் சரிசெய்து திருப்பியிருந்தால் ஒழிய, இந்தப் பிசகு தப்பாது. அளக்காத வண்டியில் பினியன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தத் தற்செயல்தான் முடிவைத் தீர்மானிக்கும். ஒருவரின் வண்டியில் அதிர்வு நிற்பதும், அதே மாடல், அதே கிட் போட்ட இன்னொருவரின் வண்டியில் நிற்காததும் இதனால்தான்.

நின்றுவிட்ட வண்டியைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். அந்த வண்டியில் நடந்தது என்ன? வேக ஏற்ற இறக்கம் கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 14 டிகிரியில் அது மூன்று சதவீதம், ஒன்பதேகாலில் ஒன்றரைக்குச் சற்றுக் கீழே. அதாவது பாதியாகியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் உணர்வெல்லைக்குக் கீழே போயிருக்கிறது, அவ்வளவே. கீழ் ஜாயிண்ட் சமன் செய்வது பினியனுக்குப் போகும் வேகத்தைத்தான். நடுவிலுள்ள ஷாஃப்ட் தன் எடையோடு வேகம் கூடிக் குறைந்துகொண்டேதான் சுற்றும், அந்த உதறலை கேஸின் பேரிங்கும் பினியன் பேரிங்கும் வாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்துக்கு ஜாயிண்டுக்கு 3 டிகிரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அதைப்போல் மூன்று மடங்கில் ஓடும் வண்டி குணமாகிவிட்டதென்று எப்படிச் சொல்ல முடியும்? காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுச் சூட்டை இறக்கிவிட்டு, ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்பதற்கு ஒப்பானது இது. வேகம் கூடினால் உதறல் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பப் பெருகும். நூறில் அடங்கியது நூற்றுப்பத்தில் எழுந்து வரலாம்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக் கோணமானி எதற்கு, காதே போதும் என்பார்கள். காது எந்த அதிர்வு என்று சொல்லும், எத்தனை டிகிரி என்று சொல்லாது. கைபேசியிலுள்ள சாய்வளவியை, ஜாயிண்டைப் பிடித்திருக்கும் யோக்கின் சமதளத்தில் வைத்தால் அதுவும் தெரிந்துவிடும். இன்னொரு தரப்பு ஸ்பேசரைப் பழித்துவிட்டு, கேஸின் பக்கம் நழுவும் ஸ்லிப் யோக்கை நீக்கி, ஒரு முனையில் இரண்டு கிராஸ் ஜாயிண்ட் அடுத்தடுத்து அமைந்த இரட்டைக் கிராஸ் ஷாஃப்ட் போடுவதே தீர்வென்கிறது. சாதனம் நல்லதுதான், நானும் அதையே விரும்புவேன். ஆனால் அதையும் அளக்காமலே போடுகிறார்கள். இரட்டைக் கிராஸ் ஜாயிண்ட் டிரான்ஸ்ஃபர் கேஸின் பக்கம் இருக்கும்போது பினியன் ஷாஃப்டின் நேர்கோட்டைப் பார்க்க வேண்டும், இழுவையில் மேலே எழும் என்பதற்காக ஓய்வில் ஓரிரு டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும். இணையாக இருக்க வேண்டும் என்ற பழைய ஷாஃப்டின் விதியை அப்படியே வைத்துக்கொண்டு புதிய ஷாஃப்டை மாட்டினால், பல மடங்கு செலவில் அதே அதிர்வு திரும்பி வரும். உடனே ஷாஃப்டைச் சமன் செய்ய அனுப்புவார்கள், அது பிழையில்லாமல் திரும்பி வரும், பிறகு டயர், பிறகு பேரிங். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைக் கோத்துக் கொடுப்பது, கோண அளவு கேட்காமலே ஸ்பேசரைப் பெட்டியில் போட்டு அனுப்பும் விற்பனை முறைதான். தங்கள் கிட் கோணத்தைக் கெடுக்கும் என்று தெரியாதவர்கள் ஸ்பேசரைச் சேர்க்க மாட்டார்கள். தெரிந்திருந்தும், உயர்த்துவதற்கு முன் இரு யோக்குகளின் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வரியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் போடாதவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த அளவு இல்லாததன் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் கொடுக்கிறார். டிஜேக்கள் கை மாறிக்கொண்டே இருப்பவை. வாங்கியவர் இன்னும் பெரிய டயர் போடுகிறார், அச்சு விகிதத்தை 4.56 ஆக்குகிறார். அதே சாலை வேகத்துக்கு ஷாஃப்ட் முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது, அடங்கிக் கிடந்த அதிர்வு மறுபடி எழுகிறது. அவருடைய மெக்கானிக் புதிதாக மாட்டிய கியரைச் சந்தேகித்து அச்சைத் திறக்கிறார். அளந்து பார்க்கும் பழக்கமுள்ளவராக இருந்தாலும், கேஸின் அச்சு ஒன்றேகால் டிகிரி கூடுதலாகச் சாய்ந்திருப்பதைத் தொழிற்சாலை அளவென்று எடுத்துக்கொண்டு பினியனை அதற்கு இணையாகத் திருப்புகிறார்; கோணங்கள் சமமாகும், ஆனால் ஸ்பேசரை யாராவது எடுத்த நாளில் அதே பிசகு திரும்பும். ஸ்பேசர் குறுக்குச் சட்டத்துக்கு மேலே, துருவும் சேறும் மூடிய இடத்தில் இருக்கிறது. அங்கே அது இருப்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை.