வெட்டித் தருவதும் வெட்டி மிஞ்சியதும்

சென்னை தி.நகரில் ஒரு கடையில் "புடவைத் துண்டு இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். கடைப் பையன் சேலைகளை மளமளவென்று விரிக்கத் தொடங்கிவிட்டான். எங்களுக்குப் புடவை என்றால் துணி. கொழும்பில், வெள்ளவத்தைக் காலி வீதியில் புடவைக்கடை என்ற பலகையின் கீழே காற்சட்டைத் துணியும் விற்கும், திரைச்சீலைத் துணியும் விற்கும். சென்னைக்காரருக்குப் புடவை என்றால் சேலை, வேறொன்றுமில்லை. கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான்: "கட் பீஸா கேக்கறீங்க, அக்கா?"

அதேதான் என்று தலையாட்டினேன். ஆனால் அங்கே கட் பீஸ் என்று எடுத்துப் போட்டதும் கொழும்பில் நான் கட் பீஸ் என்று வாங்குவதும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டுத் துண்டு பெரும்பாலும் ஒரு தேவைக்கென்றே வெட்டப்பட்டது. ஜாக்கெட் பிட் என்றால் 80 சென்ரிமீற்றர், உடம்பு கொஞ்சம் பெரிதென்றால் ஒரு மீற்றர். (ஜாக்கெட் என்று கொழும்பில் கேட்டால் குளிருக்குப் போடுவதைக் காட்டுவார்கள்.) அளவு முன்கூட்டியே தீர்ந்துவிடுவதால் வாங்குகிறவளின் கண் முழுவதும் நிறத்தில்தான். மேட்சிங் சென்டர் என்ற பெயரில் அதற்கென்றே கடைகள் உண்டு. சுவர் நிறைய ரூபியாத் துணி, பச்சையில் மட்டும் எத்தனையோ பச்சை. சேலையைப் பையிலிருந்து எடுத்து, குழல்விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்த நிதானத்தை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நவராத்திரிக் கொலுவுக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துண்டும் வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் பக்கம் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. கொடுத்த துண்டு தைக்கப்படாமலே அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போவதும் உண்டு. சில துண்டுகள் ஊசியையே காணாமல் ஊரைச் சுற்றி வருகின்றன.

கொழும்புத் துண்டின் பிறப்பு வேறு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. 1992இல் பிரேமதாச அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர் உடுத்தும் சட்டைக்குத் துணியை அடுக்கடுக்காய் விரித்து வெட்டும்போது கைக்குழிக்குப் பக்கத்தில் பிறை போல ஒரு துண்டு மிஞ்சும், சுருளின் முடிவில் அரை மீற்றர் மிஞ்சும். அந்த மிச்சம் வியாபாரிகள் கைமாறிப் புறக்கோட்டைக்கு வந்து கிலோக் கணக்கில் விலைப்படுகிறது. இந்தியாவிலும் இது இல்லாமலில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் குவிந்து கிடக்கும். ஆனால் அது பனியன் ஊர். துண்டுகளை இணைத்து விரிப்புத் தைக்கும் ஒட்டுத் தையலுக்கு இழுபடும் துணியைச் சேர்த்தால் விரிப்பு அலை அலையாய் நெளியும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அக்கா இருக்கிறா. இந்த மிச்சத்தை வாங்கிக் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் தைக்கிறா. அவவோடு ஒருநாள் துணி பொறுக்கப் போனேன். நிறத்தை அவ கடைசியாகத்தான் பார்த்தா. முதலில் இரண்டு பக்கமும் இழுத்தா. கரை இல்லாத துண்டில் பாவு எது, ஊடு எது என்று தெரிய இதுவே எளிய வழி. குறைவாக இழுபடும் பக்கம் பாவு. எல்லாப் பக்கமும் இழுபட்டால் லைக்ரா, அது அப்படியே திரும்பக் குவியலுக்குள் போய்விடும். இலங்கைத் தொழிற்சாலைகளில் உள்ளாடை நிறையத் தைப்பதால் கிலோவுக்குள் இந்தச் சனியன்தான் பாதி. பிறகு ஓரத்து நூலொன்றை உருவி நெருப்புக்குச்சியில் பிடித்தா. சாம்பலாய் உதிர்ந்து கடதாசி எரிந்த மணம் வந்தால் பருத்தி. உருகிக் கடுகு போலத் திரண்டால் பொலியெஸ்ரர்.

"நிறம் கிடக்கட்டும் தங்கச்சி, முதல்ல அகலத்தைப் பாருங்கோ. ரிப்பன் மாதிரி நீளத் துண்டு எத்தினை கிலோ இருந்தும் என்ன?"

அமெரிக்காவில் ஒட்டுத் தையல்காரருக்கென்று விற்கும் 'ஃபேட் குவாட்டர்' துண்டின் சூட்சுமமும் இதுவே. கால் யார் துணியைச் சும்மா வெட்டினால் 9 அங்குல அகலத்தில் ஒரு நீள வார்தான் கிடைக்கும். அதே கால் யாரை 18க்கு 22 அங்குலமாக வெட்டித் தருகிறார்கள். பரப்பு ஒன்றுதான். ஆனால் பெரிய பூவொன்றை முழுதாக எடுக்க இடம் கிடைக்கிறது.

பழைய ஒட்டுத் தையலுக்குக் கடையே வேண்டியிருக்கவில்லை. வங்காளத்துக் காந்தா, பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டது. கர்நாடகத்துச் சித்திப் பெண்களின் கவந்தி, பழந்துணியை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைத்துக்கொண்டே போவது. மூலைகளில் ஒட்டுத் துண்டு வைக்காவிட்டால் அவர்களுக்கு அது முடிந்த வேலையாகாது. பலதரம் தோய்த்த துணிக்குச் சாயமும் போகாது, சுருங்கவும் சுருங்காது. புதுத் துண்டில்தான் அந்தச் சந்தேகமெல்லாம்.

புதுத் துணியை வெள்ளவத்தையிலேயே ஒரு காலத்தில் நெய்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1933 வேலைநிறுத்தத்தால் பேர் பெற்ற நூற்பு நெசவு ஆலை இருந்த காணியில் இப்போது ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கின்றன. காலி வீதிக் கடைகளில் இன்று நான் தடவிப் பார்க்கும் துணியில் பெரும்பகுதி கப்பலில் வந்தது.

சென்னையில் உறவுக்காரர் வீட்டுக் கொலுவில் கிடைத்த ஏழு ரவிக்கைத் துண்டுகளைக் கொட்டாஞ்சேனை அக்காவிடம் கொடுத்தேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தா. எல்லாம் ஒரே அளவு. கஞ்சி மொடமொடவென்றிருந்தது.

"வடிவாத்தான் இருக்கு" என்றா. குரலில் உற்சாகமில்லை. ஏழையும் வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு, கைக்குழிப் பிறையொன்றை எடுத்து எதற்குப் பொருந்தும் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டா.

அடுத்தநாள் போனபோது வாளித் தண்ணீர் செவ்வரத்தம்பூ நிறத்தில் இருந்தது. கொடியில் ஆறு துண்டுகள் காய்ந்தன. சிவப்புத் துண்டு மட்டும் வேறொரு வாளியில் தனியே கிடந்தது.