அம்பாவும் அச்சும்: மன்னார் நாட்டார் இசையின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

நாட்டார் இசையைக் 'கிராமிய மணம்' என்னும் தொடருள் அடக்கிவிடுவது நமது திறனாய்வுலகில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். அவ்விசையைத் தோற்றுவித்த உழைப்பும் உற்பத்தி உறவுகளும் இதனால் மறைக்கப்படுகின்றன. மன்னார்த் தீவினதும் மாதோட்டக் கரையினதும் இசைமரபினை இவ்வடிப்படையிலேயே நாம் மீள நோக்குதல் வேண்டும்.

கரைவலை இழுக்கையில் பாடப்படுவது அம்பா. வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஒருவர் அடியெடுத்துப் பாட ஏனையோர் பின்பாட்டுப் பாடுவர். பாட்டின் அழுத்தம் விழுமிடத்திலேயே பலரது கைவலு ஒன்றாகிக் கயிறு நகரும். கவிதையின் தாளம் கூட்டுழைப்பிற் பிறந்தது என ஜோர்ஜ் தொம்சன் 'மார்க்சியமும் கவிதையும்' என்னும் நூலில் (1945) நிறுவிய கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயின் வலையும் தோணியும் சம்மாட்டிக்குரியவை. இழுப்பவன் பெறுவது பங்கு மட்டுமே. கூட்டாக உழைத்தோர் பயனைச் சமமாகப் பெறாத முரண்பாடு அம்பாவின் சமூகத் தளமாகும். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் அரிவுவெட்டு, சூடுமிதிப்புப் பாடல்களுக்கும் இது பொருந்தும்.

இவ்விசை தொழிற்களத்தோடு நின்றுவிடவில்லை. 1544இல் மன்னாரில் கத்தோலிக்கம் தழுவியோர் யாழ்ப்பாண அரசனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றினர். பின்னர் வேரூன்றிய திருச்சபையின் அரவணைப்பில் நாடகமும் வாசாப்பும் வளர்ந்தன. ஐரோப்பியப் பேரரசனும் கீழ்த்திசை ஞானியரும் கதைமாந்தராயினர். எனினும் அண்ணாவியார் பழக்க, அவர்களாக வேடந்தாங்கிப் பாடியோர் மீனவரும் உழவருமே. கதை கடல் கடந்து வந்தது. இசையோ வடபாங்கு, தென்பாங்கு என மண்ணுக்குரிய நெறிகளில் அமைந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பதிப்புப் பணி இம்மரபுக்குப் பல்கலைக்கழக மதிப்பினைத் தேடித்தந்தது. 'மன்னார் நாட்டுப் பாடல்கள்', 'என்றிக் எம்பரதோர் நாடகம்' ஆகியன 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும் அச்சேறின. ஏட்டிலும் நினைவிலும் கிடந்தவற்றை அழியாது காத்த இப்பணி போற்றுதற்குரியது. ஆயினும் அச்சு சொல்லைக் காக்குமேயன்றி இசையைக் காக்காது. கயிற்றின் இழுவையோடு இணைந்த தாளமும், முன்பாட்டுக்கும் பின்பாட்டுக்கும் இடையிலான உறவும் பக்கங்களில் அகப்படுவன அல்ல. அச்சுப் பிரதியையே ஆதாரமாகக் கொண்ட பின்வந்த ஆய்வாளர், அம்பாவையும் தனிநிலைக் கவிதைபோற் கொண்டு அணிநலம் பாராட்டினர்.

அமெரிக்க நாட்டார் இசை இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. 1927இல் தெனசி மாநிலத்துப் பிரிஸ்ரல் நகரில் றால்ஃப் பியர் மலைநாட்டுப் பாடகரை இசைத்தட்டிற் பதிவுசெய்தார். புகையிரதத் தொழிலாளியாயிருந்த ஜிம்மி ரோஜர்ஸ் அங்கு அறிமுகமானார். அங்கு ஒலி காக்கப்பட்டது. ஆனால் அது விற்பனைப் பண்டமாகியது. மன்னாரிலோ ஒலி இழக்கப்பட்டுச் சொல் பாடப்பொருளாகியது. ஒன்று சந்தைக்கும் மற்றது நூலகத்துக்கும் சென்றன. இரண்டிலும் உழைப்போர் தம் பாட்டின் மீதான உரிமையை இழந்தனர்.

இன்று நிலைமை மேலும் கடுமையானது. 1990 ஒக்ரோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமையும், போரினால் ஏனையோர் இடம்பெயர்ந்தமையும் பாடிய சமூகங்களைச் சிதறடித்தன. வட இலங்கைக் கரைகளில் உழவு இயந்திரம் கொண்டு கரைவலை இழுக்கும் முறையும் புகுந்துள்ளது. இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லை. எனவே பாட்டு மறைவதற்கு இளைஞரின் அக்கறையின்மையைக் காரணங்காட்டுவது மேலோட்டமானதாகும். பாட்டைத் தோற்றுவித்த உழைப்புமுறையே மாறிவிட்டது.

ஆதலின் எஞ்சியுள்ள முதியோரின் பாடலை ஒலியாகவும், தொழிலின் அசைவோடும், பங்குமுறை பற்றிய அவர்தம் கூற்றோடும் சேர்த்துப் பதிவுசெய்தல் உடனடிக் கடமையாகும். அப்பதிவுகள் பல்கலைக்கழகத்தில் மட்டும் தங்காது, பாடிய ஊர்களுக்கும் உரியனவாதல் வேண்டும்.