ஐசி படத்துக்கு மாலை போட்டவர்கள்

அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய ‘இந்தியன் மெமரி புராஜெக்ட்’ இணையத்தளத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு பழைய குடும்பப் படம். அதை அனுப்பியவர் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்ற விவரம். கூடவே அந்தக் குடும்பத்து ஆள் சொல்லும் கதை. கல்யாணப் படங்களைத் திரட்டி ஒரு புத்தகம் போடலாம் என்ற எண்ணத்தில் ஆரம்பித்தது, பிரிவினை, புலம்பெயர்வு, பெண்களின் படிப்பு என்று துணைக்கண்டத்தின் சமூக வரலாறாகவே விரிந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம்.

அதில் எனக்குப் பிடித்தது, படத்தை மட்டும் நம்பாமல் கதையையும் கேட்டு வாங்குவதுதான். குடும்பப் படம் வெளியாளுக்கு ஊமை. ரோலான் பார்த் ‘கேமரா லூசிடா’வில் (1980) தன் அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். புத்தகத்தில் வேறு எத்தனையோ படங்கள் உண்டு, அந்தப் படம் மட்டும் கிடையாது. தனக்கு எல்லாமாக இருக்கும் அது, மற்றவர்களுக்கு இன்னொரு சாதாரணப் படமாகத்தான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். பார்த் மறைத்து வைத்ததை யாதவின் தளம் பொதுவில் வைக்கிறது, ஆனால் கதையோடு வைக்கிறது. அந்த வித்தியாசம் முக்கியம்.

ஆனால் இந்தத் தளத்துக்குள் நுழைய மூன்று தகுதிகள் வேண்டும். வீட்டில் பழைய படம் இருக்க வேண்டும். அதில் நிற்பவர் யார் என்று தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது யாராவது கேட்டு வைத்திருக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருக்க வேண்டும். நான் வாசித்த பதிவுகளில் பல, தாத்தா எப்படி உயர்ந்தார் என்ற ஏணிக் கதையாகவே இருப்பது இதனால்தான். கேமராவுக்கு முன்னால் உட்காரக் காசும் நேரமும் இருந்தவர்களின் நினைவு அது. ‘இந்திய’ நினைவு என்று பேர் வைக்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குளுவாங் பக்கமோ சிகாமட் பக்கமோ தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு குடும்பத்தை இந்த மூன்று தகுதியோடும் வைத்துப் பாருங்கள். ஆல்பம் எங்கே இருக்கும்? 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகளைச் சனங்களிடமிருந்து பிரித்தெடுக்க அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. தோட்டத்துச் சனங்கள் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் போட்டோவே அதுவாகத்தான் இருந்திருக்கும். சிரிக்காத முகம், நேர்ப்பார்வை, பின்னால் ஒன்றுமில்லை.

இப்போது நம் வீட்டுச் சாமி மேடையைப் பாருங்கள். மாலை போட்டு, பொட்டு வைத்து மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களில் எத்தனை ஐசி படத்திலிருந்து பெரிசு பண்ணியவை! கண்காணிக்க எடுத்த படத்தைக் கும்பிடும் படமாக மாற்றியது நம் பாட்டிமார்கள் செய்த வேலை. எந்த நினைவுத் திட்டமும் இதை ஒரு குடும்பப் படமாகக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், மலேசியத் தமிழனின் குடும்பப் படம் என்றால் முதலில் இதுதான்.

அந்த அட்டையின் நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானதும், ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் கப்பலேறித் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். சிவப்பு ஐசியோடு இங்கேயே தங்கியவர்களும் உண்டு. ஒரே குடும்பம் இரண்டு கரையில் நின்றது. இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு கடிதம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஆள் இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே தேசிய நூலக வாரியம் நடத்திய ‘சிங்கப்பூர் நினைவுத் திட்டம்’, 2015க்குள் 50 லட்சம் நினைவுகளைச் சேர்ப்பது என்று இலக்கு வைத்தது. நினைவை எண்ணிக்கையாக்கினால் பெட்டி நிறையும். ஆனால் நினைவு எண்ணிக்கையால் ஆழமாவதில்லை. தமிழ்நாட்டில் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி மின்னாக்கம் செய்யும் வேலை பிரிட்டிஷ் நூலக உதவியோடு நடந்திருக்கிறது. அது இன்னொரு கோடி. அங்கே படம் பத்திரம், ஆனால் ஸ்டூடியோவில் கிடந்த கண்ணாடித் தட்டு உட்கார்ந்திருந்தவரின் பேரைச் சொல்லாது. இவற்றோடு ஒப்பிட்டால், குறைகளோடும் யாதவின் தளமே எனக்கு நெருக்கமாக இருக்கிறது. அங்கே ஒரு படத்துக்கு ஒரு ஆள் பொறுப்பேற்றுப் பேசுகிறார்.

நம்மிடம் இருப்பது குடும்பப் புலனக் குழு. யாரோ ஒரு மாமா பழைய படத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுவார். பத்துக் கும்பிடு வரும், நாலு ‘மிஸ் யூ’ வரும், அடுத்த நிமிஷம் காலை வணக்கம் வந்து மூடிவிடும். படம் சுருங்கிப் போகும். கோப்பில் இருக்கும் தேதி, மாமா பட்டனை அழுத்திய தேதி. படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் இருந்தால் அதை யாரும் எடுப்பதில்லை.

இதைவிட மோசமானது இப்போதைய வண்ணமடிப்பு. 2021இல் ‘டீப் நோஸ்டால்ஜியா’ வந்தபோது செத்தவர்கள் கண் சிமிட்டுவதைப் பார்த்துப் பலர் அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அந்தச் சிமிட்டல் தாத்தாவுடையது இல்லை, வேறு யாரோ தலையசைத்த காணொளியிலிருந்து வந்தது. சேலைக்கு மென்பொருள் நீலம் பூசினால், பத்து வருஷத்தில் பாட்டி நீலச் சேலைதான் கட்டினார் என்று பேரப்பிள்ளைகள் சத்தியம் பண்ணுவார்கள். பொறியியல் வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினால், யார், எப்போது மாற்றினார் என்று ஓரத்தில் எழுதியாக வேண்டும். ஒரு வால்வுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பாட்டி முகத்துக்கும் கொடுக்கலாமே.

யாதவின் தளத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பளபளப்பை அல்ல, அதன் கேள்விகளை. இது யாரு? எந்தத் தோட்டம்? யார் எடுத்தா? ஏன் இவரு மட்டும் ஓரமா நிக்கிறாரு? பதிலைத் தமிழிலேயே, பாட்டி பேசுகிற மாதிரியே எழுதலாம், குரலாகவும் பதியலாம். தெரியாத பேருக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று எழுதுவதும் பதிவுதான். கற்பனையால் நிரப்பிய பேரைவிட அது நேர்மையானது.

தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகிவிட்ட ஊர் இது. லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. மிஞ்சியிருப்பது அந்தச் சின்னச் சதுரப் படமும், அதில் இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒன்றிரண்டு கிழவிகளும்தான். படத்தை எப்போது வேண்டுமானாலும் ஸ்கேன் பண்ணலாம். கிழவிகள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.