பளபளக்கும் கான்கிரீட் தரையும் சிந்திய ரசமும்

கிருஷ்ணன்கோவில்ல, மதுரை - கொல்லம் சாலையோரம் புதுசா ஒரு உயர்தர உணவகம். பேர் வேண்டாம். உள்ளே நுழைஞ்சதும் கண்ணில் படுவது தரைதான். டைல்ஸ் இல்லை, கிரானைட் இல்லை, மெருகேற்றிய கான்கிரீட். மூணு மாசம் கழிச்சு மறுபடி போனேன். மேசைகளைச் சுத்தி வெள்ளைத் திட்டுகள், கல்லாப் பக்கம் நீளமா ஒரு விரிசல். "கொத்தனார் சரியில்லை சார்" என்றார் மேலாளர். எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

இந்தத் தரை பூச்சு வேலை அல்ல, தேய்ப்பு வேலை. இறுகிய கான்கிரீட்டை வைரத்துகள் பதித்த வட்டுகளால் தேய்க்கிறார்கள். 40 கிரிட்டில் தொடங்கி 80, 150, பிறகு ரெசின் வட்டுகளில் 200, 400, 800, 1500 என்று போகும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் கீறலை அழிக்கணும். ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை நிற்கும். நடுவில் லித்தியம் அல்லது சோடியம் சிலிக்கேட் கரைசல் ஊற்றுவார்கள். அது கான்கிரீட்டில் மிஞ்சியிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து, சிமெண்டுக்கு வலு தருகிற அதே பொருளாக மாறுகிறது. மேற்பரப்பு இன்னும் இறுகும்.

"கெமிக்கல் அடிச்சாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்று விற்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். தவறு. இறுகுவது வேறு, அமிலம் தாங்குவது வேறு. நம்ம சாப்பாட்டை யோசிங்க. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக். சிந்திய ரசம் சிமெண்டைக் கரைக்கும். அந்த வெள்ளைத் திட்டு கறை இல்லை, அரிப்பு. துடைச்சாப் போகாது, மறுபடி தேய்க்கணும். மேலே பாதுகாப்புப் பூச்சு இருந்தால் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். ஒயினும் காபியும் விற்கிற வெளிநாட்டுக் கடைகளுக்கும் இதே பாடுதான். படத்தில் அது தெரியாது.

அடுத்தது விரிசல். கான்கிரீட் காயும்போது சுருங்கும், எங்காவது பிளக்கத்தான் செய்யும். எங்கே பிளக்கணும் என்பதை நாம முடிவு பண்ணலாம். போட்ட ஒரு நாளுக்குள், கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு போடணும். 4 அங்குலத் தரைக்கு 8 முதல் 12 அடிக்கு ஒன்று. இங்கே ஒரு கோடுகூட இல்லை. அழகு கெடும் என்று வேண்டாம் என்றார்களாம்.

கொத்தனாரைத் தேடிப் போய்ப் பேசினேன். "தம்பி, 28 நாள் கேட்டேன். பத்தாம் நாளே மெஷினை இறக்கிட்டாங்க. திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடிச்சாச்சாம்." இப்போ விரிசலைக் காட்டி அவருடைய பாக்கிக் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எங்க பாட்டி வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. இரும்பு ஆக்சைடு கலந்து, கரண்டியால் திரும்பத் திரும்ப இழுத்து, நாள்கணக்கில் தண்ணி கட்டிப் போட்டது. ஆத்தங்குடி டைலையும் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை, பாட்டி வீட்டுத் தரையும் புளித்தண்ணி பட்டால் வெளுக்கும். ஆனால் சிந்தினா உடனே துடைக்கணும்னு அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தரைகளை உடைச்சு டைல்ஸ் ஒட்டினோம். இப்போ அதன் பங்காளியை அதிக விலைக்கு வாங்குகிறோம், அது கேட்கிற நாட்களை மட்டும் கொடுக்காமல்.

கான்கிரீட் தரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரவேற்புப் பகுதியில் போடுங்க. சமையலறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் வழுக்காத டைல் போதும். சாப்பிடும் இடத்தில்தான் வேணும்னா, திட்டு விழும் என்று தெரிஞ்சே போடுங்க, வெட்டுக்கோட்டையும் பழகிக்கோங்க. திறப்பு விழாத் தேதியை, தரை போட்ட பிறகு குறிங்க. முதலில் அந்தக் கொத்தனாரின் கூலியைக் கொடுங்க.