ஊர்ப்பேச்சும் ஊமைப் பாத்திரங்களும்

புதிய எழுத்தாளர் நாடகத்துறையிற் கால்வைக்கும்போது பெரும்பாலும் குறுநாடகத்தையே நாடுகின்றனர். நடிகர் நால்வர் போதும், செலவும் குறைவு, ஒரு மாலைப் பொழுதில் மூவர் நால்வரின் ஆக்கங்களை மேடையேற்றிவிடலாம். ஆயின், அரைமணி நேர நாடகம் எளிய நாடகமன்று. பாத்திரங்களைச் சாவகாசமாக அறிமுகஞ் செய்ய அங்கே இடமில்லை. வாய்திறந்த மறுகணமே மனிதனின் நிலையும் வர்க்கமும் புலப்படவேண்டும். எனவே இம்முயற்சிகளை மதிப்பிடுகையில் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: மேடையில் எவர் பேசுகிறார்? எவர் பேசாதிருக்கிறார்?

வடமராட்சி மண்ணிற் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்பன அதிலுள்ள நான்கு நாடகங்கள். புராண மன்னர்கள் பாடி நின்ற காலத்தில், பருத்தித்துறைப் பக்கத்துப் பேச்சுத்தமிழ் அவற்றால் மேடையேறிற்று. வீட்டிலும் வீதியிலும் பேசுவதுபோலவே அரங்கிலும் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. கரவெட்டியிற் பிறந்த கா. சிவத்தம்பி பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்தில் அவருடைய நாடகங்களில் நடித்தவர்.

இது பெரும் சாதனையே. எனினும் அதன் எல்லையையும் நாம் காணவேண்டும். உடையாரின் மிடுக்கைக் கண்டு சிரிக்கக் கற்றுத்தந்த அவ்வரங்கு, அம்மிடுக்கைத் தாங்கிநின்ற சாதியமைப்பை மேடையின் நடுவே நிறுத்தவில்லை. பேச்சுமொழி வந்தது, பேசும் உரிமையற்றிருந்தவன் வரவில்லை. 1960களின் முற்பகுதியில், முற்போக்கு எழுத்தாளர் மக்கள் மொழியைக் கையாண்டபோது ‘இழிசனர் வழக்கு’ என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்திற்கு ஆளானது இலக்கண வழு மட்டுமன்று, அம்மொழிக்குரிய மனிதருமே.

அம்மனிதர் பின்னர் மேடையின் நடுவே வந்துநின்றனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டச் சூழலிற் பிறந்தது என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’. இளைய பத்மநாதன் முதலியோரின் அம்பலத்தாடிகள் குழு அதனைக் காத்தவராயன் கூத்தின் பாங்கில் ஆடிற்று. இவ்வடிவத் தேர்வு அலங்காரத்துக்கானதன்று. காத்தவராயன் கதையே ஆரியமாலையை விரும்பித் தாழ்ந்தோன் ஒருவன் கழுமரம் ஏறும் கதை. அம்மன் கோயில் வீதிகளில் மக்கள் விடிய விடியக் கேட்டுப் பழகிய அதே மெட்டில், அதே கோயில் வாயிலைத் திறக்கும் கோரிக்கை ஒலித்தது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று வலுப்படுத்தின.

இன்று எழுதவரும் இளைஞருக்கு இவ்விரு முன்னோடிகளும் பாடமாகவேண்டும். இன்றைய குறுநாடகங்கள் பலவற்றிற் கருத்துக்குப் பஞ்சமில்லை; சீதனம், போதைப்பொருள், வெளிநாட்டு மோகம் எல்லாம் வருகின்றன. ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு நல்ல இளைஞன் முன்வந்து சொற்பொழிவாற்றுகிறான், கெட்டவர் திருந்துகின்றனர், சபை கைதட்டுகிறது. கைதட்டியவரே மறுநாள் மகனுக்குச் சீதனம் பேசப் புறப்படுகிறார். நாடகம் அவரைத் தொடவேயில்லை. தீமையை யாரோ ஒருவன் தலையிற் சுமத்தி அவரைத் தப்பவிட்டது.

மாறாக, ஒரு செத்தவீட்டை மேடையில் வைத்துப் பாருங்கள். பறை அடிப்பவர் எங்கே நிற்கிறார்? அவருக்குத் தேநீர் எந்தப் பாத்திரத்தில் வருகிறது? அவரை வயதிற் சிறியவர் எப்படி விளிக்கின்றனர்? ஒரு சொற்பொழிவும் வேண்டியதில்லை. அந்தத் தேநீர்ப் பாத்திரம் கைமாறும் கணத்திற் சபை தன்னையே காணும். குறுநாடகத்தின் ஆற்றல் இத்தகைய ஒரு கணத்திலேயே இருக்கிறது.

ஊர்ப்பேச்சை எழுதத் தெரிந்த இளைஞர் எம்மிடையே பலர் உளர். ஊர் பேச விரும்பாததை எழுதும் துணிவே இனி வேண்டப்படுவது. ஆசிரியராகிய நாமும், பரிசுக்குரிய நாடகம் என்றால் நல்லுபதேசத்தில் முடியவேண்டும் என்று மாணவருக்குக் கற்பிப்பதைக் கைவிடவேண்டும்.