ஐந்து கைகள், ஆறு ஆட்டங்கள்

மாரிக்குப்பத்தில் காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு வாரத்தில் ஆறு நாள் பயணம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பில் பெரும்பங்கு அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. தூக்கம், பேச்சு, கைப்பேசி என்று ஆளுக்கொரு விதமாக அந்த நேரம் கழிகிறது. அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி சீசன் நடுவில் ஆடுவதும் வாரத்துக்கு ஏறக்குறைய ஆறு ஆட்டங்கள்தான். அப்படி ஓர் ஆட்டத்தை அட்டைகளையும் பகடைகளையும் வைத்துக்கொண்டு தனியாளாக ஆடி முடிக்க அரை மணி நேரம் போதும். இல்லாத ஓர் அணியை நடத்துகிற கலைக்கு இந்த ஊரின் வாரம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

இந்தக் கலையின் அரிச்சுவடி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான்: புக் கிரிக்கெட். பாடப்புத்தகத்தைப் பார்க்காமல் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் பந்தின் விதி. 2, 4, 6 வந்தால் அத்தனை ரன். 0 வந்தால் அவுட். 8-க்கு வகுப்புக்கு வகுப்பு ஒரு சட்டம். ஒரு ரன் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஐந்து பந்துக்கு ஒரு அவுட், விக்கெட்டுக்குச் சராசரி 13 ரன். மட்டையாளர் குண்டப்பா விஸ்வநாத்துக்கும் 13, பந்துவீச்சாளர் சந்திரசேகருக்கும் அதே 13. டெஸ்ட் கிரிக்கெட்டில் 242 விக்கெட் எடுத்து, மொத்தமே 167 ரன் அடித்த சந்திரசேகர்! புத்தகத்துக்கு அவரும் ஒன்றுதான், விஸ்வநாத்தும் ஒன்றுதான். அங்கே யாரும் களைப்பதில்லை. யாருக்கும் இடக்கை, வலக்கை இல்லை. யாரை எப்போது இறக்கினாலும் கணக்கு மாறாது. ஆகவே கேப்டனுக்கு வேலை இல்லை. ஆட்டம் இருக்கிறது, நிர்வாகம் இல்லை.

நிர்வாகம் பிறக்க ஆளுக்கொரு குணம் வேண்டும். ஹால் ரிச்மன் என்ற அமெரிக்கச் சிறுவன் தன் பதினோராவது வயதில் இதை யோசிக்க ஆரம்பித்து, 1961-இல் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற பெயரில் ஒரு பேஸ்பால் அட்டை ஆட்டமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அவர் முந்தைய ஆண்டு ஆடிய லட்சணமெல்லாம் அதில் எண்களாக இருக்கும். மூன்று பகடை. முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்தெறியும் பிட்சரின் அட்டையை. முதல் பகடையின் எண்ணே எந்தப் பத்தி என்றும், மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்றும் சொல்லும். பாதி நேரம் அடிப்பவன் கையில், பாதி நேரம் எறிபவன் கையில். இத்தனை எளிமையான ஏற்பாட்டுக்குள் ஒரு விளையாட்டின் முழு இயல்பையும் அடக்கியது அபாரமான காரியம். 1981-இல் வேலைநிறுத்தத்தால் அமெரிக்காவின் நட்சத்திர ஆட்டம் ஜூலையில் நடக்காமல் போனபோது, ஆட்டம் நடக்கவிருந்த அதே கிளீவ்லேண்ட் மைதானத்தில் இந்த அட்டைகளை வைத்து ஒரு நட்சத்திர ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள்.

இதை ஃபேன்டசி லீக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் நிஜ ஆட்டக்காரர் நிஜ மைதானத்தில் அடிக்க வேண்டும். நம் வேலை ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. இந்தியாவில் அதில் பணமும் புரண்டது, 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்குச் சட்டமே தடை போட்டது. இங்கே பணமும் இல்லை, எதிராளியும் இல்லை. இரண்டு அணிக்கும் பகடை உருட்டுவது ஒரே கை.

சரி, ஒரு லீக்கை அமைப்போம். மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், ஊரிகம், கோரமண்டல் என்று ஆறு அணிகள். நம்முடையது மாரிக்குப்பம். மைதானத்துக்கும் குணம் உண்டு, அதையும் சட்டத்தில் எழுத வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதனால் 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுக்கிறார்கள். தங்கவயல் சுமார் 850 மீட்டர் உயரம். சென்னையில் எல்லைக்கோட்டருகே பிடிபடும் பந்துகளில் சில இங்கே தாண்டிப் போகும். நல்ல மேனேஜர் இதற்காக ஒன்றிரண்டு வரிகளை மாற்றி எழுதுவார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து வீசும் காற்றுக்கு இன்னொரு வரி ஒதுக்கினாலும் தப்பில்லை.

பேஸ்பாலின் நடுப்பருவம் ஏன் இத்தனை சுவையானது? ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 2001-இல் சியாட்டில் அணி 116 ஆட்டம் ஜெயித்தது. அதைவிட அதிகமாக யாரும் ஜெயித்ததில்லை. அந்த அணியும் 46 தடவை தோற்றது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்று நவீன காலத்துச் சாதனை படைத்தது. அதுகூட 41 தடவை ஜெயித்தது. ஆக, மகா மோசமான அணிக்கும் நாற்பது வெற்றி நிச்சயம், மகா உன்னதமான அணிக்கும் நாற்பது தோல்வி நிச்சயம். மேனேஜரின் திறமை நடுவில் மிச்சமிருக்கும் ஆட்டங்களில்தான். சீசன் தொடக்கத்தில் ஆர்வம் ஓட்டிவிடும், கடைசியில் பட்டியல் விரட்டிவிடும். எண்பதாவது ஆட்டத்துக்கும் தொண்ணூறாவது ஆட்டத்துக்கும் இடையில்தான் ஓர் அணி உண்மையில் நடத்தப்படுகிறது.

அப்படியொரு நடுப்பருவ வாரத்தின் முதலீடு பிட்சர்களின் தோள்பட்டை. ஒரே ஆட்டத்தில் நூறு பந்து எறிந்தவருக்கு நாலு நாளாவது ஓய்வு வேண்டும். அதனால் ஐந்து பேர் முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள்; பின்பகுதியைப் பார்த்துக்கொள்ள ஏழெட்டு ரிலீவர்கள் வெளியே காத்திருப்பார்கள். இந்தக் கணக்கைத் தங்கவயல்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிய சாம்பியன் ரீஃபின் சூட்டில், சங்கு ஊதினால் ஷிப்ட் ஆள் மேலே வந்தாக வேண்டியிருந்தது. எவ்வளவு கெட்டிக்கார ஆளாக இருந்தாலும் அடுத்த ஷிப்டுக்கும் அவரையே இறக்க முடியாதிருந்தது.

மாரிக்குப்பம் இதுவரை 81 ஆட்டம் ஆடி 44 வெற்றி, 37 தோல்வி. திங்கள் முதல் புதன்வரை ஆண்டர்சன்பேட்டையோடு சொந்த மண்ணில் மூன்று ஆட்டம், வியாழன் விடுமுறை, வெள்ளி முதல் ஞாயிறுவரை சாம்பியன் ரீஃபில் மூன்று. போன ஞாயிறு எறிந்தவர் மூன்றாமவர். ஆக திங்களுக்கு நான்காமவர், செவ்வாய்க்கு ஐந்தாமவர், புதனுக்கு முதலாமவர்.

திங்கள் 6-4 என்று ஜெயித்தாயிற்று, கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் குளோசரைச் செலவழித்து. செவ்வாய்தான் முதல் பரீட்சை. ஐந்தாமவர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் கொடுத்துவிட்டார். கத்துக்குட்டி மேனேஜர் உடனே அவரை வெளியே அழைத்து, நல்ல ரிலீவர் ஒருவரை இறக்கி ஆட்டத்தை மீட்கப் பார்ப்பார். தேர்ந்தவர் அசையமாட்டார். ஐந்து ரன் பள்ளத்திலிருந்து ஏறுவது அபூர்வம். அதற்காக மூன்று ரிலீவர்களைக் கரைத்தால் புதன், வெள்ளி இரண்டு நாளும் பாதிக்கும். ஐந்தாமவர் ஆறாவது இன்னிங்ஸ்வரை அடி வாங்கட்டும். ஆட்டம் 2-9 என்று போகிறது. நோட்டில் அது தோல்வி என்றுதான் பதிவாகும். ஆனால் மறுநாள் காலை ரிலீவர்கள் எல்லோரும் புத்தம் புதிதாக இருக்கிறார்கள். தோற்கும்போது எதையெல்லாம் தோற்காமல் காப்பாற்றினார் என்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆட்டத்தின் பக்கம் விருந்து.

புதன்கிழமை எட்டாவது இன்னிங்ஸ். மாரிக்குப்பம் 2-1 என்று முன்னிலை. முதலாமவர் ஏழு இன்னிங்ஸ் எறிந்து களைத்துவிட்டார். எதிரணியில் ஒருவர் பேஸில் நிற்க, அடிக்க வருபவர் இடக்கைக்காரர். இடக்கைப் பிட்சர் எறிந்தால் இடக்கை மட்டைக்காரர் திணறுவார் என்பது பேஸ்பாலின் பழைய பாடம். அட்டையிலும் அதற்கென்றே தனிப் பாதி உண்டு. இவர் அட்டையின் அந்தப் பாதி முழுக்க அவுட், அவுட், அவுட்; இரண்டாவது பத்தியில் 12-ஆம் வரியில் மட்டும் ஒரு ஹோம் ரன், அதாவது பந்து எல்லை தாண்டி, அடித்தவருக்கும் பேஸில் நிற்பவருக்கும் ரன். மேனேஜர் இடக்கை ரிலீவரை அழைக்கிறார். முழுக்கச் சரியான முடிவு.

முதல் பகடை 2. அடுத்தவை 6, 6.

மூன்று பகடை 216 விதமாக விழலாம், அவற்றில் இது ஒன்றே ஒன்று. ஆண்டர்சன்பேட்டை 3-2, ஆட்டமும் அப்படியே முடிகிறது. மேனேஜர் செய்ததில் குற்றமில்லை. நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் அதே ஆளைத்தான் அழைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் தனியாட்டக்காரரின் தரம் தெரிகிறது. பகடை சாய்ந்து நின்றது, ரயில் குலுங்கியது, இது செல்லாது என்று எத்தனையோ சாக்கு. பார்ப்பவர் யாருமில்லை. மறுபடி உருட்டினால் கேட்பாருமில்லை. உருட்டாமல் பென்சிலை எடுத்து ‘ஹோம் ரன், 2’ என்று எழுதுகிறவரே கலைஞர். அவர் அணி நிஜமாவதும் அந்த நொடியில்தான்.

ராபர்ட் கூவர் 1968-இல் எழுதிய நாவல் முழுக்க இந்த நொடியைப் பற்றியதுதான். அதில் வரும் ஹென்றி வா ஒரு கணக்கர். அடுக்களை மேசையில் மூன்று பகடையை உருட்டி ஒரு லீக்கைப் பல்லாண்டு காலம் நடத்திவருகிறார். அவருக்கு உயிருக்குயிரான இளம் பிட்சர் ஒருவர், பகடை மூன்றும் 1 என்று விழுந்த ஒரு நாளில், தலையில் பந்து பட்டு இறந்துபோகிறார். அந்தத் துக்கத்தில் ஹென்றி ஒருநாள் பகடையைத் தன் கையாலேயே திருப்பிவைக்கிறார். அதோடு அவர் உலகம் பழையபடி இல்லை. நிஜ வாழ்விலும் அப்படி ஒருவர் இருந்தார்: ஜாக் கெரோவாக் சிறுவயதில் தொடங்கிய கற்பனை பேஸ்பால் லீக்கை நாவலாசிரியராகப் பேர்பெற்ற பிறகும் விடவில்லை. பிட்ஸ்பர்க் பிளைமவுத்ஸ், நியூயார்க் செவிஸ் என்று அணிகளுக்குக் கார்களின் பெயர். ஆட்டச் செய்திகளைப் பத்திரிகை மாதிரியே எழுதிவைத்தார். அந்தத் தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

எழுதிவைப்பது இந்தக் கலையில் பாதி. கிரிக்கெட் செய்தியாளராக இருந்த ஹென்றி சாட்விக் என்ற ஆங்கிலேயர்தான் 19-ஆம் நூற்றாண்டில் பேஸ்பாலுக்கு பாக்ஸ் ஸ்கோர் வகுத்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு வரி: எத்தனை தடவை அடித்தார், எத்தனை ரன் எடுத்தார். அந்தக் கட்டங்களில் ஒரு மாதம் எழுதினால், திங்கள் எறிந்தவர் ஞாயிற்றுக்கிழமை ஏன் சோர்ந்தார் என்பது தானாகத் தெரியவரும். மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் 1999 முதல் வெளியிட்டுவரும் ‘அவுட் ஆஃப் த பார்க்’ கணினி ஆட்டத்தில் ஒரு வாரம் சில நொடியில் ஓடிவிடும். அருமையான ஆட்டம்தான். ஆனால் எட்டாவது இன்னிங்ஸில் பென்சில் தயங்கும் நேரம் அதில் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன விஷயம்: கேட்சருக்கு ஓய்வு. ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழும் மனிதர் அவர். வியாழன் விடுமுறையோடு வெள்ளியும் சேர்ந்தால் அவர் முழங்காலுக்கு இரண்டு நாள். அவருக்குப் பதிலாக இறங்கியவர் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, அணி எப்படியோ ஜெயித்தது. சனியும் வெற்றி. ஞாயிறு தோல்வி. ஆக வாரத்தில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி, மொத்தத்தில் 47-40. பட்டியலைப் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத வாரம்.

இனி திங்கள்கிழமை. வியாழன் விடுமுறை வந்ததால் முதலாமவருக்கு நாலு நாள் ஓய்வு கிடைத்துவிட்டது; ஐந்தாமவரைத் தாண்டி அவரையே மறுபடி எறியவிடலாம், விதி அனுமதிக்கிறது. ஒரு வெற்றி கூடவும் கூடலாம். ஆனால் இன்னும் 75 ஆட்டம் பாக்கி. முதலாமவருக்கு ஐந்தாவது நாளாக ஓர் ஓய்வு, அதுவும் சீசனின் நடுவில், ஒரு வெற்றியைவிடப் பெறுமதியானது. செவ்வாயன்று அடி வாங்கிய ஐந்தாமவருக்கும் தன் முறை வருகிறது என்ற நிச்சயம் வேண்டும். அட்டைக்கு மனசு கிடையாது என்பது தெரிந்தும் நல்ல மேனேஜர் இதை யோசிப்பார். திங்கள்கிழமை ஊரிகத்துக்கு எதிராகப் பந்து ஐந்தாமவர் கையில்.