பேய்க்கூழ் பரிமாறும் வரிசை

சிவகாசியை ஒட்டி இருக்கிற விஸ்வநத்தத்துல என் அக்கா வீடு. போன கோடை விடுமுறையில் அங்கே பத்து நாள் இருந்தேன். ராத்திரி கரண்ட் போனால் மொட்டை மாடியில் அக்கா பிள்ளைகளோடு தெருப்பிள்ளைகளும் சேர்ந்து ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கோரிக்கைதான். "மாமா, பேய்க்கதை சொல்லுங்க. பயமாவும் இருக்கணும், சிரிப்பும் வரணும். நீதி மட்டும் சொல்லாதீங்க."

கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. இதைத் தமிழில் எழுதித் தந்தவர் யார் என்று யோசித்துப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

கையில் ஆர்.எல்.ஸ்டைன் எழுதிய 'கூஸ்பம்ப்ஸ்' வரிசைப் புத்தகம் ஒன்று இருந்தது. 'மான்ஸ்டர் பிளட்', 1992-ல் வந்தது. பழைய பொம்மைக் கடையில் ஒரு பையன் வாங்கும் டப்பாவுக்குள் பச்சையாக ஒரு கொழகொழப்பு. அது வளர்ந்துகொண்டே போகிறது. நாய் அதைத் தின்றுவிட்டு, தானும் வளர ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் "உவ்வே" என்றார்கள், சிரித்தார்கள், இன்னும் வேண்டும் என்றார்கள்.

ஸ்டைன் பேய்க்கதைக்கு வருவதற்கு முன்னால் 'ஜோவியல் பாப் ஸ்டைன்' என்ற பெயரில் சிரிப்புப் புத்தகங்கள் எழுதியவர். 'பனானாஸ்' என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய பேய்க்கதைகளின் கட்டுமானம் ஜோக்கின் கட்டுமானம்தான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அலறலில் முடியும். அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினால், பாதி நேரம், தோளைத் தொட்டது பேய் இல்லை, தம்பியாக இருக்கும். பயத்தை ஏற்றிவிட்டு டப்பென்று இறக்குவார். பிள்ளைகளுக்கு அவர் தரும் உத்தரவாதம் ஒன்று உண்டு. எவ்வளவு அசிங்கமான ஜந்து வந்தாலும், கதை நாயகனான பிள்ளை அநேகமாக முழு உடம்போடு வீடு திரும்பிவிடும்.

"தமிழ்ல இந்த மாதிரி யாருமே எழுதலியா மாமா?" என்று பெரியவன் கேட்டான். எனக்கு அப்போது ஞாபகம் வந்தவர் ஜெயங்கொண்டார்.

சிரிக்காதீங்க. கலிங்கத்துப்பரணியைப் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படித்தோம்? போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி. பாட்டுடைத் தலைவன் முதலாம் குலோத்துங்கன். படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். ஐந்து மதிப்பெண், முடிந்தது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அந்த நூலில் பாதிக்கு மேல் காளியும் பேய்களும்தான் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பேய்களுக்குப் பசி. போரே நடக்காததால் சாப்பாடு இல்லை. வயிறு பள்ளமாகக் கிடக்கிறது. மூக்கிலே பாசி பிடித்திருக்கிறது. காது ஓட்டைகளில் ஆந்தையும் வௌவாலும் குடியிருக்கின்றன. அப்போது இமயமலைக்குப் போய் மாயவித்தை கற்றுவந்த கிழட்டுப் பேய் ஒன்று காளி முன்னால் வித்தை காட்டுகிறது. ரத்த ஆறும் யானைப் பிணங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. பசித்த பேய்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அள்ளி அள்ளி வாயில் போட்டு மெல்லுகின்றன. வாயில் ஒன்றுமே இல்லை.

மாடியில் ஒரு பயல் உடனே எழுந்து காற்றை அள்ளி மென்று காட்டினான். அதற்குமேல் கதை சொல்ல ரொம்ப நேரம் விடவில்லை.

பிறகு உண்மையாகவே கலிங்கப் போர் நடக்கிறது. களத்துக்குப் பேய்கள் ஓடுகின்றன. ஓடின உடனே சாப்பிடுகின்றனவா? இல்லை. முதலில் பல் விளக்க வேண்டும். யானைத் தந்தம்தான் பல்குச்சி. யானை விலா எலும்பில் நாக்கு வழித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் குளியல். அப்புறம் சமையல். முரசு உரலாகிறது, தந்தம் உலக்கையாகிறது, செத்த வீரர்களின் பல்லை அரிசியாகக் குத்திக் கூழ் காய்ச்சுகின்றன. மூளைதான் தயிர்.

தினமும் காலையில் "பல்லு விளக்கினியா" என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஜோக் உலகத்தில் கிடையாது. ஜெயங்கொண்டாரின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. அருவருப்பை மட்டும் குவித்தால் ரெண்டு நிமிஷத்தில் சலித்துவிடும். அவர் அதை அம்மா வீட்டு ஒழுங்குக்குள் கொண்டுவந்து வைக்கிறார். பல் விளக்கு, குளி, அப்புறம் சாப்பிடு. பேயும் கேட்டு நடக்கிறது. ஸ்டைனின் பச்சைக் கொழகொழப்புக்கு இந்த வீட்டு வாசனை கிடையாது.

ஆனால் பாராட்டிவிட்டுப் போய்விட முடியாத ஒரு இடம் அன்று ராத்திரி வந்தது.

பரணியில் உறுப்புக் குறை உள்ள பேய்களைப் பற்றித் தனியாகப் பாடியிருக்கிறார். முடம், குருடு, ஊமை, செவிடு என்று வரும். அந்தக் குறைகளுக்கு அவர் சொல்லும் காரணமும் பழைய போர்க்களங்களில் இருக்கிறது. சக்கரக்கோட்டத்துப் போரில் காய்ச்சிய கூழ் சூடாகத் தெறித்து ஒரு பேய்க்கு ஒரு கண் போய்விட்டது. இதையும் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

விஸ்வநத்தம் எப்படிப்பட்ட ஊர் என்பதை நான் மறந்திருந்தேன். சுற்றுவட்டாரமே வெடியாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ். 'மருந்து' என்ற சொல்லுக்கு அங்கே முதல் அர்த்தம் வெடிமருந்துதான். அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி மாதிரி மின்னும் கைகளோடு சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களின் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேலை செய்த இடத்தில் தெறித்துக் கண் போவது அவர்களுக்குக் கதை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பெண், "எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் போச்சு" என்றாள். நான் கதையை நிறுத்தப் பார்த்தேன். அவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அந்தப் பேய்க்கும் கூழு குடுத்தாங்களா?"

கொடுத்தார்கள். கூழ் வார்க்கும் கட்டத்தில் குருட்டுப் பேய்க்கும் ஊற்றச் சொல்கிறார் ஜெயங்கொண்டார். கையால் ஜாடை காட்டும் ஊமைப் பேய்க்கும் ஊற்றச் சொல்கிறார். வரிசையில் யாரையும் விடவில்லை. இதைச் சொன்னதும் அவள், "அப்ப சரி, மேல சொல்லுங்க" என்றாள்.

அந்த "அப்ப சரி"யைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயங்கரமும் அசிங்கமும் பிள்ளைகளின் மனசைக் கெடுக்கும் என்று சொல்லி நாம் நீதிக்கதையைக் கையில் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை பயங்கரத்தை வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். அவள் கேட்டது, அடிபட்ட உடம்புக்கும் கதையில் ஒரு இடம் இருக்கிறதா, பந்தியில் ஒரு தட்டு இருக்கிறதா என்பதைத்தான். ஸ்டைன் கதையில் உடம்பு முழுசாகத் திரும்பிவிடும், அதனால் இந்தக் கேள்வியே எழாது. ஜெயங்கொண்டார் உடம்பு முழுசாக இருக்கும் என்று உத்தரவாதம் தரவில்லை. உடைந்த உடம்பும் பசியாறும், அதையும் பார்த்துச் சிரிக்கலாம் என்கிறார்.

அதற்காக அவரை அப்படியே பிள்ளைகள் கையில் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அவர் அரசவைப் புலவர். கூழில் கிடக்கும் பல் யாருடையது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது, "எதிரி" என்பதைத் தவிர. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று பரிமாறும்போது வரும் கிண்டலுக்கு அந்தக் காலத்து அரசியல் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியாது, கிண்டல் மட்டும்தான் ஒட்டிக்கொள்ளும். என் தேர்வில் அந்தப் பகுதி வராது.

தோற்றவர்களைக் காட்டும் ஒரு இடம் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். உயிர் தப்பிய கலிங்க வீரர்கள் மாறுவேஷம் போடுகிறார்கள். வில் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, நாங்கள் கங்கையாட வந்த பிராமணர்கள் என்கிறார் ஒருவர். யானை மணியைத் தாளமாகத் தட்டி, நாங்கள் பாட்டுப் பாடுகிறவர்கள் என்கிறார் இன்னொருவர். வென்றவனின் புலவர் ஏளனமாக எழுதியதுதான். ஆனால் மாடியில் இருந்த பிள்ளைகள் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "மாட்டாம தப்பிச்சாங்களா மாமா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சிரிக்க வைத்த ஆளின்மேல் பிள்ளைகளுக்குப் பாசம் வந்துவிடுகிறது. புலவரால் அதைத் தடுக்க முடியவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படக்கதை சிவகாசியிலிருந்தும் போனது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ரெண்டும் அந்த ஊர் அச்சில் வந்தவை. மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் அந்த மாயாவியும் ஒரு கையை இழந்தவன்தான். ஐம்பது வருஷமாக அவனைப் பிள்ளைகள் கொண்டாடியிருக்கிறார்கள். அதே அச்சில் பரணிப் பேய்கள் படக்கதையாக வந்தால் வாங்க ஆள் இருக்கிறது. குறைந்தது ஏழெட்டுப் பேர் எனக்குத் தெரியும்.

மறுநாள் ராத்திரி கரண்ட் போகவில்லை. இருந்தும் எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சின்னப் பெண் தானே ஒரு பேய் சேர்த்திருந்தாள். அதுக்கு விரல் ரெண்டு கிடையாதாம். அதனால கூழை அள்ளும்போது ஒழுகிடுமாம். "அதுக்கு மட்டும் ரெண்டு தடவ ஊத்தணும்" என்றாள்.